மழை கழுவிய மண், நாம் கழுவிய உப்பு: மலையில் அயோடின் குறைவது ஏன்?

“ஏம்மா நர்சம்மா, இது கடல்ல வெளஞ்ச உப்புதானே? கடல்ல இல்லாத அயோடினா பாக்கெட்டுக்குள்ள இருக்கப் போவுது?”

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் என் மனைவியிடம் இப்படிக் கேட்டார். என் மனைவி அந்த வட்டாரத்தில் பல ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர். பாட்டியின் பேத்தி அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்க்கப் போன இடத்தில், வீட்டு உப்பையும் சோதித்துவிடலாம் என்று கைப்பையிலிருந்த மருந்துக் குப்பியை எடுத்திருக்கிறார். அயோடின் கலந்த உப்பாக இருந்தால் சொட்டு பட்ட இடம் ஊதா நீலமாக மாறும். பாட்டி அள்ளிக் கொண்டுவந்த கல்லுப்பு வெள்ளையாகவே இருந்தது. அதைச் சொன்னபோது வந்த கேள்விதான் அது.

“நியாயமான கேள்வி. எனக்குத்தான் சரியாப் பதில் சொல்லத் தெரியல” என்று அன்றிரவு அவர் சொன்னார். அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான், கழுத்துக் கழலை என்று நாம் பார்க்கிற நோய்க்குப் பின்னால் கடல், காற்று, மழை, மண், முட்டைக்கோசு, லாரி, ஜாடி என்று எத்தனை கண்ணிகள் கோத்திருக்கின்றன என்று எனக்குப் புரிந்தது.

முதலில் பாட்டியின் கணக்கைப் பார்த்துவிடலாம். கடல்நீர் ஒரு லிட்டரில் இருக்கும் அயோடின் 50 முதல் 60 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதே லிட்டரை வற்ற வைத்தால் சுமார் 35 கிராம் உப்பு கிடைக்கும். இருந்த அயோடின் முழுவதும் அந்த உப்பிலேயே தங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால்கூட, கிராமுக்கு இரண்டு மைக்ரோகிராம் தேறாது. நாளுக்குப் பத்து கிராம் உப்புத் தின்றாலும் 17 மைக்ரோகிராம்தான் உடம்பில் சேரும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். உண்மையில் அந்த 17-ம் கிடைப்பதில்லை. சாதாரண உப்பு முதலில் படிகமாகிப் பாத்தியின் அடியில் உட்கார்ந்துவிடும். அதைவிட எளிதில் கரையும் அயோடின் சேர்மங்கள், உப்பை வாரிய பின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரிலேயே நின்றுவிடும். கொஞ்சம் காற்றோடும் போய்விடும். தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ பளபளவென்று குவித்து வைத்திருக்கும் கல்லுப்பு கடலின் பிள்ளைதான். ஆனால் கடலின் அயோடினை அது கொண்டுவரவில்லை.

அப்படியானால் கடலின் அயோடின் எங்கே கிடைக்கும்? அங்கே வாழும் உயிர்களிடம். மீன், இறால், கடற்பாசி எல்லாம் நீரிலிருந்து அதை இழுத்து உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. அயோடின் என்று ஒரு தனிமம் இருப்பது மனிதருக்குத் தெரியவந்ததும் கடற்பாசியால்தான். 1811-இல் பிரான்சில் வெடியுப்புத் தயாரித்துக்கொண்டிருந்த பெர்னார் குர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிவிட்டார். ஊதா நிறப் புகை எழும்பியது. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அயோடின் என்ற பெயர் வந்தது.

கடலிலிருந்து மலைக்கு அயோடின் ஏறி வரும் வழி காற்று. கடற்பாசிகளும் நுண்பாசிகளும் அயோடின் கலந்த வாயுக்களை வெளிவிடுகின்றன. கடல்மட்டத்தைத் தொடும் ஓசோனும் நீரிலுள்ள அயோடைடோடு வினைபுரிந்து கொஞ்சத்தைக் காற்றில் கிளப்பிவிடுகிறது. அது மழையோடு இறங்கி மண்ணில் சேரும். மழைநீர் ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் இருக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்ததுதான் மண்ணிலுள்ள அயோடினில் பெரும்பகுதி. பாறையிலிருந்து வருவது சொற்பம்.

உதகைக்கும் அரபிக் கடலுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். தென்மேற்குப் பருவமழை கடலைத் தாண்டிய கையோடு முட்டுவது இந்த மலையில். அப்படியிருக்க இங்கே அயோடின் நிறைந்திருக்க வேண்டாமா? கொண்டுவரும் மழையேதான் அள்ளிக்கொண்டும் போகிறது. மேற்கே கூடலூர், தேவாலா, பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் ஜூன் தொடங்கி ஊற்றும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழை அது. கிழக்கே குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை. ஆக, மலையின் ஏதோ ஒரு முதுகு ஆண்டில் பாதிநாள் நனைந்துகொண்டே இருக்கிறது. நீரில் கரையக்கூடியது எதுவும் இந்தச் சரிவில் நெடுங்காலம் நிற்காது.

சோலையும் புல்வெளியும் மூடியிருந்த காலத்தில் மேல்மண்ணாவது தங்கியது. 1819-இல் கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறி வந்த பிறகு உருளைக்கிழங்கும் மற்ற மலைக்காய்கறிகளும் வந்தன. பின்னால் தேயிலையும் தைலமரமும் பரவின. கொத்திப் போட்ட சரிவில் ஐப்பசி மழை விழுந்தால் மண் செங்குழம்பாக ஓடும். அடைமழை நாளில் மேட்டுப்பாளையத்தில் நின்று பவானியின் நிறத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மலை எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்று. பவானி காவிரியில் சேர்கிறது, காவிரி கடலில். காற்றேறி வந்த அயோடின் ஆறிறங்கித் திரும்பிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலைப்பகுதி அயோடின் குறைவைப் பற்றி எழுதும்போது பலரும் பனிப்பாறை மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போனதைக் காரணமாகச் சொல்வார்கள். இமயத்துக்கும் ஆல்ப்ஸ் மலைக்கும் அது பொருந்தும். நீலகிரிக்குப் பொருந்தாது. இந்த மலையைப் பனிப்பாறை சுரண்டவில்லை. மழையும் சரிவும் மண்ணின் முதுமையுமே இங்கே காரணங்கள். மண்ணின் குணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரும்பும் அலுமினியமும் மிகுந்த செம்புறை மண்ணும், மக்கு நிறைந்த கருமண்ணும் அயோடினை இறுகப் பிடித்துக்கொள்ளக்கூடியவை. மண்ணில் இருக்கும், ஆனால் வேருக்குக் கிடைக்காது. இங்கிலாந்தின் டெர்பிஷயரில் கழுத்துக் கழலைக்கு ‘டெர்பிஷயர் கழுத்து’ என்றே பெயர் வைக்கும் அளவுக்கு நோய் இருந்தது. அங்கேயும் மண்ணில் அயோடின் அறவே இல்லாமல் போகவில்லை. மண்ணில் இருப்பது வேறு, பயிருக்கு எட்டுவது வேறு.

அயோடின் போதிய அளவு உள்ள மண்ணில் விளைந்த பயிரைக் காயவைத்து அளந்தால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் அளவில் அயோடின் இருக்கும். குறைந்த மண்ணில் விளைந்தால் நூறில் ஒரு பங்காகக்கூட இறங்கிவிடும். இதில் என்னை அதிகம் உறுத்துவது, பயிர் காட்டிக்கொடுக்காது என்பதுதான். தழைச்சத்து குறைந்தால் இலை வெளுக்கும். துத்தநாகம் குறைந்தாலும் இலையில் தெரியும், விவசாயி மருந்துக்கடைக்கு ஓடுவார். அயோடின் செடிகொடிகளுக்குத் தேவையில்லாத பொருள். அது இல்லாமலே கேரட் சிவந்து திரளும், முட்டைக்கோசு இறுகக் கட்டும், பச்சைப் பசேலென்று மலை செழித்து நிற்கும். குறையை முதலில் உணர்வது ஆடுமாடும் மனிதரும்தான். அயோடின் கிடைக்காத பசு, சில நேரம் மயிரில்லாத கன்றையும், செத்துப் பிறக்கும் கன்றையும் ஈனுவது கால்நடை மருத்துவர்கள் அறிந்தது.

மலையில் தாதுக்கள் தங்குவதில்லை என்பதை இங்குள்ளவர்கள் தங்கள் வழியில் எப்போதோ கண்டுகொண்டிருக்கிறார்கள். படுகர் ஊர்களில் மாடுகளுக்கு உப்புக் கொடுப்பதற்கென்றே ‘உப்பு ஹட்டுவ’ பண்டிகை உண்டு. தோடர்களும் குழியில் நீர்விட்டு உப்பைக் கரைத்து எருமைகளைக் குடிக்கவைப்பதைச் சடங்காகவே செய்கிறார்கள். அது சோடியத்துக்கான தேடல், அயோடினுக்கானது அல்ல. சாதாரண உப்பில் அயோடின் இல்லை என்று மேலேயே பார்த்தோம். ஆனால் இந்த மலையில் கிடைக்காத ஒன்றைக் கடற்கரையிலிருந்து வரவழைத்தே தீரவேண்டும் என்ற அறிவு அதில் இருக்கிறது. உப்பைக் கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு வண்டிகட்டிக் கொண்டுபோனவர்களுக்கு உமணர் என்று தனிப்பெயரே வைத்திருந்த மொழி நம்முடையது. பின்னாளில் அயோடினும் அதே உப்பு மூட்டையில் ஏறித்தான் மலைக்கு வர வேண்டியிருந்தது.

உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆள் உடம்பில் மொத்தம் இருக்கும் அயோடினே 15 முதல் 20 மில்லிகிராம்தான். அதில் முக்கால் பங்கு முன்கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பியில் இருக்கிறது. இரத்தத்தில் அயோடின் எவ்வளவு இருந்தாலும், அதைப்போல் இருபது முப்பது மடங்கு செறிவாக இழுத்துச் சேர்க்கும் இறைப்பான்கள் அந்தச் சுரப்பியின் செல்களில் உண்டு. சேர்த்ததைக் கொண்டு தைராக்சின் செய்கிறது. அந்த மூலக்கூறின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அயோடின்தான். வரத்து குறைந்தால் தைராக்சின் குறையும். மூளையின் அடியிலிருக்கும் பிட்யூட்டரி அதைக் கண்டு, ‘இன்னும் செய், இன்னும் செய்’ என்று டி.எஸ்.எச். ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். சுரப்பியும் கிடைக்கிற துளியைத் தவறவிடாமல் பிடிக்கத் தன் செல்களைப் பெருக்கிக்கொள்ளும். கழுத்தில் வெளியே தெரிகிற கழலை இந்த முயற்சியின் விளைவு. என் சிறுவயதில் ஊரில் சில பெண்களுக்குத் தாலிக்கயிறு ஒதுங்கிக் கிடக்கும் அளவுக்குக் கழுத்துப் புடைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ‘வாகு அப்படி’ என்றுதான் சொல்வார்கள். யாரும் அதை உணவோடு சேர்த்து யோசித்ததில்லை.

கழலை கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத சேதம் கருவில் நடக்கிறது. கர்ப்பகாலத்தில் தாய் தனக்கு வழக்கமாகச் சுரப்பதைவிட ஏறத்தாழ பாதி மடங்கு கூடுதலாகத் தைராய்டு ஹார்மோன் சுரக்க வேண்டும். குழந்தையின் சுரப்பி பன்னிரண்டாவது வாரவாக்கில்தான் வேலையைத் தொடங்கும், கைகொடுக்கும் அளவுக்கு வளர இன்னும் ஆறேழு வாரம் பிடிக்கும். அதுவரை மூளை கட்டப்படுவது தாயின் ஹார்மோனில். அது கடுமையாகக் குறைந்தால் காது கேளாமை, பேச்சின்மை, வளர்ச்சி குன்றல், மனவளர்ச்சிக் குறை எல்லாம் சேர்ந்து வரும். மிதமாகக் குறைந்தால் நோய் என்று பெயர் வைக்க எதுவும் இருக்காது. பிள்ளை படிப்பில் மந்தமாக இருக்கும், வாத்தியார் திட்டுவார். அயோடின் மிகவும் குறைந்த பகுதிகளில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அங்கே வளர்ந்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பு சராசரியாக 13 புள்ளிக்கு மேல் தாழ்ந்திருந்தது. எத்தனை பிள்ளைகளைச் சோம்பேறி என்று பெயரிட்டுப் பின்பெஞ்சில் உட்காரவைத்திருப்போம் என்று நினைத்தால் மனம் தாங்குவதில்லை. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் நாளுக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

வரத்துக் குறைவு ஒரு பக்கம். வந்ததைச் சுரப்பி எடுத்துக்கொள்ளவிடாமல் தடுப்பவை இன்னொரு பக்கம். இதில் நீலகிரிக்காரர்களுக்கு நெருக்கமான பெயர்கள் வரும்: முட்டைக்கோசு, காலிபிளவர், நூக்கோல், டர்னிப், முள்ளங்கி. 1928-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில், வேறு ஆய்வுக்காக வளர்த்த முயல்களுக்குத் தீனியாக முட்டைக்கோசையே போட்டுவந்தார்கள். முயல்களின் கழுத்தில் கழலை தோன்றியது. இந்தக் குடும்பத்துக் காய்களில் கந்தகம் கலந்த சில பொருள்கள் உள்ளன. அவை உடைந்து தயோசயனேட்டாகவும், கோய்ட்ரின் என்ற பொருளாகவும் மாறும். தயோசயனேட் அயோடினோடு போட்டியிட்டு இறைப்பானை அடைத்துக்கொள்ளும். கோய்ட்ரின், அயோடினை ஹார்மோனாகக் கோக்கும் நொதியைத் தடுக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் அதிகம் உண்ணும் மரவள்ளியிலும் இதே ஆபத்து இருக்கிறது. கிழங்கிலுள்ள சயனைடை உடம்பு தயோசயனேட்டாக மாற்றிக் கழிக்கிறது. ஊறவைத்து, நீரை வடித்து வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். பீடி, சிகரெட் புகையும் தயோசயனேட்டைக் கூட்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் முட்டைக்கோசைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கேத்திப் பக்கம் தோட்டம் போட்டு அதையே நம்பியிருக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். அவர்கள் வயிற்றில் அடிக்கும் வாட்ஸ்அப் செய்திகளைக் கண்டால் கோபம் வருகிறது. வேகவைத்தால், காயிலிருந்து அந்தக் கந்தகப் பொருள்களை உடைத்துவிடும் நொதியின் வேலை பெரிதும் நின்றுவிடும். போதிய அயோடின் கிடைப்பவருக்கு வாரத்தில் இரண்டு நாள் கோசுப் பொரியல் எதுவும் செய்யாது. அயோடின் ஏற்கெனவே குறைந்து, தினமும் அதே காய்தான் என்ற வறுமையும் சேரும்போதுதான் அது குறையைப் பெரிதாக்குகிறது. இரும்புச்சத்துக் குறைவும் அப்படித்தான். ஹார்மோனைக் கோக்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு அயோடின் கொடுத்தாலும் முழுப் பலன் கிடைக்காது. செலினியமும் இந்த வரிசையில் உண்டு.

இதுவரை சொன்னது பழைய மலையின் கதை. விளைந்ததைத் தின்று, பக்கத்து ஊற்றுநீரைக் குடித்து, சொந்த மாட்டுப் பாலைக் கறந்து வாழ்ந்தவர்களுக்கு மண்ணின் குறை அப்படியே உடம்பில் இறங்கியது. இன்று நீலகிரியில் ரேஷன் அரிசி சமவெளியிலிருந்து வருகிறது. பருப்பு எங்கிருந்தோ வருகிறது. மத்தியும் அயிலையும் கோழிக்கோட்டுப் பக்கமிருந்து கூடலூருக்கு ஏறி வருகின்றன. மண்ணுக்கும் தட்டுக்கும் இருந்த கட்டு தளர்ந்துவிட்டது. அயோடின் குறைவை மலைநோய் என்று மட்டும் பார்ப்பது இப்போது பாதி உண்மைதான். ஆற்று வெள்ளம் மாறி மாறிக் கழுவும் சமவெளி மண்ணிலும் அயோடின் குறைவே. நாட்டில் இதுவரை சோதித்த 400-க்கு மேற்பட்ட மாவட்டங்களில் 330-க்கு மேற்பட்டவற்றில் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பது தெரியவந்தது. கடலோர மாவட்டங்களும் அதில் உண்டு.

இதற்கு மாற்று என்ன என்பது இந்தியாவில் 1956-லேயே சோதித்துப் பார்க்கப்பட்டது. இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் பேராசிரியர் வி. ராமலிங்கசாமியும் உடன் பணியாற்றியவர்களும் மக்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, நடுவில் ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. தொடக்கத்தில் மூன்றிலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது பேருக்குக் கழலை. ஐந்தாறு ஆண்டில் அயோடின் உப்புத் தின்ற பகுதிகளில் அது இருபதுக்குக் கீழே வந்தது. சாதா உப்புப் பகுதியில் அசையவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பைக் கொடுத்தபோது அங்கும் இறங்கியது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்ததற்கு இந்த ஆய்வே அடித்தளம். கழலை மட்டுமல்ல, மூளைவளர்ச்சியும் இதில் அடங்கும் என்று தெளிவான பின் 1992-இல் திட்டத்தின் பெயரையே அயோடின் குறைபாட்டு நோய்கள் என்று மாற்றினார்கள். அயோடின் கலக்காத உண்ணும் உப்பை விற்க நாடு முழுவதும் 1998-இல் தடை வந்தது, 2000-இல் நீக்கப்பட்டது, 2006 மே மாதம் மீண்டும் வந்தது. இடையில் விட்ட அந்த ஆறு ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளை நினைத்துத்தான் அந்த முடிவை நான் பார்க்கிறேன்.

சட்டம் சொல்வது எளிது. நெடுங்காலம் இருந்த அளவுப்படி ஆலையில் பத்து லட்சம் பங்கு உப்புக்கு 30 பங்கு அயோடின், வீட்டுக்கு வரும்போது 15 பங்காவது இருக்க வேண்டும். பொட்டாசியம் அயோடேட்டை நீரில் கரைத்து உப்பின்மேல் தெளித்துக் கலக்குவார்கள். ஒரு டன் உப்புக்கு 50 கிராம் சொச்சம் போதும். ஒரு ஆள் எழுபது ஆண்டு வாழ்ந்தாலும் அவருக்குத் தேவைப்படும் மொத்த அயோடின் நான்கு கிராம் தாண்டாது, தேக்கரண்டிகூட நிறையாது. இவ்வளவு மலிவான ஒன்று வீடு சேராமல் போவது எப்படி?

2018-19-இல் நடந்த இந்திய அயோடின் ஆய்வு, நாடு முழுவதும் 76.3 விழுக்காடு வீடுகளில் போதிய அயோடின் உள்ள உப்பு இருப்பதாகக் கண்டது. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களில் கடைசி வரிசை நம்முடையது. குஜராத்துக்கு அடுத்த நிலையில் உப்பு விளைவிக்கும் மாநிலங்களில் ஒன்று நாம். காரணமும் அங்கேதான் இருக்கிறது. ரயிலில் தொலைதூரம் போகும் உப்புக்கு நெடுங்காலமாகத் தரச் சோதனை இருந்தது. உப்பளத்திலிருந்து லாரியில் நேராகப் பக்கத்து மாவட்டங்களுக்குப் போகும் மூட்டைக்கு அந்தத் தடை இல்லை. தோல் பதனிட, சாயமேற்ற, மீன் காயப்போட, மாட்டுக்குக் கொடுக்க என்று அயோடின் இல்லாத உப்பு சட்டப்படியே வெளிவருகிறது. அந்த மூட்டை மளிகைக்கடை வாசலுக்கு வர ஒரு விலை வித்தியாசம் போதும். மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறும் மூட்டையில் எது எதற்கென்று எழுதியிருப்பதில்லை.

நம் சமையலறைக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் கல்லுப்பின் மேலுள்ள பற்று பெரிது. பெரிய படிகத்தின்மேல் அயோடின் தெளித்தால் மேற்பரப்பில்தான் ஒட்டும், அதுவும் சீராக ஒட்டாது. அதைத்தான் நாம் அழுக்கு போகட்டும் என்று தண்ணீரில் அலசுகிறோம். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் செய்வார். சுத்தம் பார்த்த அந்தக் கை, உப்பின்மேல் இருந்த அயோடினையும் சேர்த்தே கழுவி ஊற்றியது. மலையின் ஈரம் இதற்கு மேல். ஜூலையில் இங்கே தீப்பெட்டியே பற்றாது. மூடாத ஜாடியில் உப்புக் கசிந்து நீர்விடும். ஈரத்தில் கரைந்த அயோடேட் அந்த நீரோடு அடிக்கு இறங்கும். கோணிப்பையாக இருந்தால் வெளியிலேயே ஒழுகிப்போகும். என் மனைவி ஒரே மூட்டையின் மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துச் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார். மேலே இருந்தது வெள்ளை, அடியில் இருந்தது கரும் ஊதா. அந்த நிறச் சோதனை ‘இருக்கிறதா இல்லையா’ என்பதைத்தான் நம்பகமாகச் சொல்லும். எவ்வளவு என்று அறிய ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அடுப்பு மேடையில் சூடுபடும் இடத்தில் ஜாடி வைப்பதும், குழம்பு கொதிக்கத் தொடங்கும்போதே உப்பைப் போட்டுவிடுவதும் இன்னும் கொஞ்சம் குறைக்கும். சின்ன பாக்கெட்டாக வாங்கி, இறுக மூடி, அடுப்பிலிருந்து தள்ளி வைத்து, இறக்கும்போது போட்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். இந்தியாவில் அயோடின் உப்புப் பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அதைக் காட்டிக்கொடுக்கலாம்.

புதிதாக வந்திருக்கும் காரணத்தையும் சொல்ல வேண்டும். உதகை, குன்னூர் கடைகளில் இந்துப்பும் ‘கலப்படமில்லாத இயற்கைக் கல்லுப்பும்’ நல்ல விலைக்கு விற்கின்றன. வாங்குபவர்கள் உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தான். ஆனால் இந்துப்பு என்பது பாறையிலிருந்து வெட்டிய உப்பு. அயோடின் சேர்க்காவிட்டால் அதில் பயன்படும் அளவுக்கு அயோடின் இருக்காது. ‘அயோடின் உப்பு ரசாயனம்’ என்று அஞ்சி, கருத்தரிக்க இருக்கும் மகளுக்கு இந்துப்பு வாங்கித் தருவது நன்மை நினைத்துச் செய்யும் பெரிய தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் விலக்கிவிடலாம். ‘எனக்குத் தைராய்டு இருக்கு’ என்று மாத்திரை போடும் எல்லாருக்கும் அயோடின் குறைவு என்று பொருளில்லை. அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்தான் தைராய்டுக் குறைவுக்கு முதன்மைக் காரணம். அதற்கு உப்பைக் கூட்டுவது மருந்தாகாது. அளவுக்கு மீறிய அயோடினும் சுரப்பியைக் கெடுக்கும். பாசி மாத்திரை, சொட்டு மருந்து என்று தானாக எதையும் தொடங்க வேண்டாம்.

அந்த லைன் வீட்டுக்கே திரும்புகிறேன். பேத்திக்கு நாளுக்கு வேண்டியது 250 மைக்ரோகிராம். அவள் எட்டு கிராம் உப்புத் தின்கிறாள் என்றும், அது 15 பங்கு அயோடின் உள்ள நல்ல உப்பு என்றும் வைத்தால் 120 கிடைத்திருக்கும். மிச்சம் பால், முட்டை, மீனிலிருந்து வரவேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் அது. விடியற்காலையில் பாலில்லாத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போவாள். முட்டை வாரத்தில் எப்போதாவது. மீன், சம்பளம் வந்த ஞாயிறு. மற்ற நாளெல்லாம் அந்த அலசிய கல்லுப்புதான். அதிலிருந்து கிடைத்தது, முதலில் போட்ட கணக்கின்படி பார்த்தால், பதினான்கு மைக்ரோகிராமுக்கும் குறைவு.

மறுநாள் என் மனைவி சிரிக்கும் சூரியன் போட்ட அரைக்கிலோ பாக்கெட்டோடு அந்த வீட்டுக்குப் போனார். பாட்டியையே மருந்துச் சொட்டு விடச் சொன்னார். உப்பு ஊதாவாக மாறியதைப் பாட்டி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். வயிற்றிலிருந்த குழந்தையின் தைராய்டு வேலையைத் தொடங்கி அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருக்கும்.